பதினேழு வயதில் கொலை செய்தவனை என்ன செய்வது?

என்னிடம் வந்த கேள்வி இது: “எங்கள் ஊரில் 17 வயதுப் பையன்கள் மூன்று பேர் சேர்ந்து ஒருவரை வெட்டிக் கொன்றுவிட்டார்கள். மைனர் என்பதால் மூன்றே வருடத்தில் வெளியே வந்துவிடுவார்களாம். வெட்டத் தெரிந்தவனுக்குத் தண்டனையை அனுபவிக்க மட்டும் வயது போதாதா? பெரியவர்களுக்குக் கொடுக்கிற தண்டனையையே இவர்களுக்கும் ஏன் கொடுக்கக் கூடாது?”

நான் தென் மாவட்டம் ஒன்றில் வக்கீல். பன்னிரண்டு வருடமாக இலவச சட்ட உதவி மூலம், 18 வயது ஆகாதவர்கள் மீதான வழக்குகளை விசாரிக்கும் இளஞ்சிறார் நீதிக் குழுமத்தில் பையன்களுக்காக ஆஜராகிறேன். இரண்டு வழக்குகளில் மறுபக்கமும் நின்றிருக்கிறேன், கொல்லப்பட்டவரின் குடும்பத்துக்காக. அதில் ஒரு தாய் என்னிடம் கேட்டதை முதலில் சொல்லிவிடுகிறேன். “அவனுக்குப் பதினேழு வயசு, சின்னப் பையன்னு ஆளாளுக்குச் சொல்றீங்களே சார். எம்மவனுக்கும் பதினேழுதான். அவனச் சின்னப் பையன்னு யாராச்சும் ஒருத்தர் சொன்னீங்களா?”

அன்றைக்கு நான் வாயைத் திறக்கவில்லை. இதை எழுதும்போதும் அந்த அம்மா எதிரே உட்கார்ந்திருப்பதாக நினைத்துத்தான் எழுதுகிறேன். அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாத எதையும் இங்கே எழுதக் கூடாது என்பது என் எண்ணம்.

என் முடிவை ஒளிக்காமல் சொல்கிறேன். தண்டனை வேண்டும். சில வழக்குகளில் மூன்று வருடம் போதவே போதாது. அதற்காக அவனைப் பெரியவன் என்று எழுதிவைத்து, பெரியவர்களுக்கான விசாரணையில் நிறுத்தி, கடைசியில் மத்திய சிறைக்கு அனுப்புவது தவறு. இரண்டையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

முதலில் சட்டம். “மைனர் என்றால் மூன்று வருடம்தான்” என்பது 2016 ஜனவரி 15க்குப் பிறகு முழு உண்மை இல்லை. அன்றைக்கு நடைமுறைக்கு வந்த 2015ஆம் ஆண்டு சிறார் நீதிச் சட்டப்படி, 16 வயது முடிந்து 18 முடியாத பையன் மீது “கொடிய குற்றம்” சுமத்தப்பட்டால், அதாவது குறைந்தபட்சத் தண்டனையே ஏழு ஆண்டோ அதற்கு மேலோ உள்ள குற்றம் என்றால், அவனைப் பெரியவனாக வைத்து விசாரிக்க வழி இருக்கிறது. குழுமம் முதலில் அவனை மதிப்பிட வேண்டும். பிறகு வழக்கைக் குழந்தைகள் நீதிமன்றத்துக்கு அனுப்பலாம். அங்கே தண்டனை கிடைத்தால் 21 வயது வரை “பாதுகாப்பு இடம்” என்று சட்டம் சொல்லும் தனி இல்லத்தில் இருக்க வேண்டும். 21 ஆனதும் ஆள் திருந்தியிருக்கிறானா என்று பார்ப்பார்கள். இல்லை என்று முடிவானால் மீதிக் காலம் சிறையில். தூக்கும், விடுதலைக்கே வழியில்லாத ஆயுள் தண்டனையும் மட்டும் எந்த நிலையிலும் கிடையாது. ஆகவே உங்கள் ஊர்ப் பையன்கள் மூன்று வருடத்தில் வந்துவிடுவார்கள் என்று இப்போதே யாராலும் சொல்ல முடியாது.

இந்தச் சட்டம் எப்படி வந்தது என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். 2012 டிசம்பர் 16, டெல்லியில் ஓடும் பேருந்தில் ஒரு மாணவி கூட்டு வன்புணர்வுக்கு ஆளாகி, பிறகு இறந்த வழக்கு. ஆறு பேரில் ஒருவனுக்கு 18 ஆகச் சில மாதங்களே பாக்கி. 2013 ஆகஸ்டு 31 அன்று அவனுக்கு மூன்று ஆண்டு சிறப்பு இல்லம் என்று தீர்ப்பானது. பெரியவர்களில் ஒருவன் சிறையிலேயே இறந்தான், மற்ற நான்கு பேரும் 2020 மார்ச் 20 அன்று திகாரில் தூக்கிலிடப்பட்டார்கள். சிறுவன் 2015 டிசம்பர் 20 அன்று வெளியே வந்தான். அந்தப் பெண்ணைப் பெற்றவர்கள் அன்று தெருவில் நின்று போராடினார்கள். இரண்டே நாளில் மாநிலங்களவை மசோதாவை நிறைவேற்றியது.

அதற்கு முன்னால் நடந்தவற்றை யாரும் அதிகம் பேசுவதில்லை. டெல்லிச் சம்பவத்துக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி ஜே.எஸ். வர்மா குழு 2013 ஜனவரியில் அறிக்கை கொடுத்தது. பாலியல் குற்றங்களுக்கான சட்டங்களைக் கடுமையாக்கச் சொன்ன அதே குழு, சிறார் வயதை 18லிருந்து குறைக்க வேண்டாம் என்றது. அதே ஆண்டு ஜூலையில் உச்ச நீதிமன்றமும் வயதைக் குறைக்க மறுத்தது. மசோதாவை ஆராய்ந்த நாடாளுமன்ற நிலைக்குழு 2015 தொடக்கத்தில், பெரியவர் நீதிமன்றத்துக்கு அனுப்பும் பிரிவு வேண்டாம் என்றே எழுதியது. கோபம் நியாயமானது. எனக்கும் அந்தக் கோபம் இருந்தது. ஆனால் உட்கார்ந்து யோசித்துப் பார்த்தவர்கள் எல்லோரும் வேண்டாம் என்றதை, கோபத்தின் உச்சியில் சட்டமாக்கினோம். அந்தச் சட்டம் முன்பே வந்திருந்தாலும் அந்தப் பையனைத் தூக்கில் போட்டிருக்க முடியாது என்பதையும் பலர் கவனிப்பதில்லை.

இனி நான் தினமும் பார்க்கிற இடத்துக்கு வருகிறேன். சட்டத்தின் 15ஆம் பிரிவில் உள்ள ஆரம்பநிலை மதிப்பீடு. குழுமத்தில் ஒரு மாஜிஸ்திரேட்டும் இரண்டு சமூகப் பணியாளர்களும் இருப்பார்கள். பையனுக்கு அந்தக் குற்றத்தைச் செய்யும் உடல், மனத் திறன் இருந்ததா, அதன் விளைவு அவனுக்குப் புரிந்ததா, எந்தச் சூழ்நிலையில் செய்தான் என்று அவர்கள் பார்க்க வேண்டும்.

அடையாளம் தெரியாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றி ஒரு வழக்கைச் சொல்கிறேன். பதினேழரை வயதுப் பையன், ப்ளஸ் டூ படிக்கிறவன். கோயில் கொடையில் நடந்த தகராறுக்குப் பழிவாங்க, தெருவில் உள்ள அண்ணன்மார் நான்கு பேரோடு பைக்கில் போனவன். செத்தவருக்கு நாற்பது வயது, இரண்டு பெண் பிள்ளைகள். அரசு மருத்துவமனையிலிருந்து வந்திருந்த உளவியலாளர் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார். இவன் கையைக் கட்டிக்கொண்டு நாற்காலியின் நுனியில் இருந்தான்.

“அரிவாளால கழுத்துல வெட்டுனா என்ன ஆகும்?”

“செத்துருவாங்க.”

“கொலை பண்ணுனா போலீஸ் பிடிக்கும்னு தெரியுமா?”

“தெரியும்.”

“ஜெயிலுக்குப் போகணும்னு?”

“தெரியும் மேடம்.”

முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிட்டது. விளைவுகளைப் புரிந்துகொள்ளும் திறன் இவனுக்கு உள்ளது என்று அறிக்கை வந்தது. வராண்டாவுக்கு வந்ததும் அவன் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டான்: “சார், திங்கக்கிழமை கெமிஸ்ட்ரி பிராக்டிகல் இருக்கு. அதுக்குள்ள விட்டிருவாங்கல்ல?”

விளைவு புரிந்த பையன் கேட்கிற கேள்வியா அது? ஒரு மனிதரைக் கொன்றுவிட்டோம், இரண்டு பெண் பிள்ளைகளுக்கு அப்பா இல்லை, தன் வாழ்க்கை இனி பழையபடி இருக்காது என்பதில் ஒரு துளிகூட அவன் மண்டைக்குள் போயிருக்கவில்லை. வெட்டினால் செத்துப்போவார்கள் என்ற தகவல் மட்டும் தெரிந்திருந்தது. அது எட்டு வயதுக் குழந்தைக்கும் தெரியும். தெரிவது ஒன்று. அந்த நேரத்தில், நான்கு அண்ணன்மார் பார்த்துக்கொண்டு நிற்கும்போது, “நான் வரலண்ணே” என்று சொல்லிவிட்டு வண்டியிலிருந்து இறங்குவது வேறொன்று. இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள தூரத்தைத்தான் பருவம் என்கிறோம்.

இதை ஆராய்ந்திருக்கிறார்கள். லாரன்ஸ் ஸ்டைன்பெர்க் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடைய மாணவியும் 2005இல் ஒரு சோதனை முடிவை வெளியிட்டார்கள். கணினியில் கார் ஓட்டும் விளையாட்டு, சிக்னல் மாறும்போது நிறுத்த வேண்டும். தனியாக விளையாடும்போது பதின்வயதினரும் பெரியவர்களும் எடுத்த ஆபத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. நண்பர்களைப் பக்கத்தில் நிறுத்தியதும் பதின்வயதினர் தாறுமாறாக ஓட்டினார்கள். 24 வயதைத் தாண்டியவர்களிடம் அந்த மாற்றம் இல்லை. குழும அறையில் நடக்கும் மதிப்பீடு, பையனைத் தனியாக, அமைதியாக உட்காரவைத்துச் செய்வது. குற்றம் நடந்தது கூட்டத்தில், ராத்திரியில், ரத்தம் கொதித்துக்கொண்டிருந்தபோது. இங்கே அளந்து அங்கே இருந்ததைச் சொல்ல எந்த நிபுணராலும் முடியாது.

மூளை வளரவில்லை என்பதற்காகக் கொலையை மன்னிக்கச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஊரில் உள்ள பதினேழு வயதுப் பையன்களில் மிகமிகப் பெரும்பாலானோர் யாரையும் வெட்டுவதில்லை. வெட்டியவன் பொறுப்பேற்க வேண்டும். பெரியவனுக்குச் சமமான பொறுப்பா என்பதுதான் கேள்வி.

அந்த மதிப்பீட்டில் இன்னொரு கோளாறும் இருக்கிறது. அது நடப்பது விசாரணைக்கு முன்னால். பையன் குற்றம் செய்தானா என்றே இன்னும் முடிவாகவில்லை. கையில் இருப்பது போலீஸ் எழுதிய எஃப்.ஐ.ஆரும் சில வாக்குமூலங்களும்தான். செய்தான் என்று வைத்துக்கொண்டுதான் “செய்யும் திறன் இருந்ததா” என்று கேட்க முடியும். இதே சட்டத்தின் 3ஆம் பிரிவு, 18 வயது வரை எந்தக் குழந்தைக்கும் குற்ற நோக்கம் இல்லை என்றே கருத வேண்டும் என்கிறது. பன்னிரண்டு பிரிவு தள்ளி அதை மறந்துவிடுகிறது.

குருகிராம் வழக்கை நினைத்துப் பாருங்கள். 2017 செப்டம்பரில் ஒரு பள்ளிக் கழிவறையில் ஏழு வயதுச் சிறுவன் கழுத்தறுக்கப்பட்டுக் கிடந்தான். மாநிலப் போலீஸ் அன்றே பள்ளிப் பேருந்தின் நடத்துனரைக் கைது செய்து, ஒப்புக்கொண்டுவிட்டார் என்றும் சொன்னது. நாடே அவரைத் தூக்கில் போடச் சொன்னது. இரண்டு மாதம் கழித்து சிபிஐ வந்து, அவர் இல்லை, அதே பள்ளியில் பதினோராம் வகுப்பு படிக்கும் 16 வயது மாணவன் என்றது. நடத்துனர் பிறகு விடுவிக்கப்பட்டார். அந்த மாணவனைப் பெரியவனாக விசாரிக்கலாமா என்ற ஒற்றைக் கேள்வி குழுமம், குழந்தைகள் நீதிமன்றம், உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம் என்று ஏறி இறங்கியது. மதிப்பீடு சரியாக நடக்கவில்லை, மறுபடி செய்யுங்கள் என்று உச்ச நீதிமன்றம் 2022 ஜூலையில் சொன்னது. குழுமத்தில் குழந்தை உளவியலோ மனநல மருத்துவமோ படித்தவர் இல்லையென்றால் நிபுணர் உதவியைக் கட்டாயம் பெற வேண்டும் என்றும் சொன்னது. மறுபடியும் மதிப்பிட்டு அதே ஆண்டு அக்டோபரில் குழுமம் “பெரியவனாகவே விசாரிக்கலாம்” என்றது. குழந்தையைப் பறிகொடுத்த குடும்பம் ஐந்து வருடம் காத்திருந்தது எதற்கு? கொன்றது யார் என்ற தீர்ப்புக்கு இல்லை. எந்த நீதிமன்றத்தில் விசாரிப்பது என்று தெரிந்துகொள்ள. கடுமையான சட்டம் பாதிக்கப்பட்டவர்களுக்கு வேகமாக நீதி தரும் என்று நினைக்கிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

“கொடிய குற்றம்” என்ற வலையில் யார் மாட்டுகிறார்கள் என்பதும் உங்களுக்குத் தெரிய வேண்டும். கொலைக்குக் குறைந்தபட்சத் தண்டனையே ஆயுள், ஆகவே அது வலைக்குள். ஆனால் கொலை முயற்சிக்குக் குறைந்தபட்சம் என்று சட்டம் எதையும் சொல்லவில்லை. அதனால் 2020இல் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பின்படி அது கொடிய குற்றத்தில் சேராது. அரிவாளால் வெட்டி, எதிராளி பிழைத்துக்கொண்டால் மதிப்பீடு கிடையாது. அதே நேரம், 17 வயதுப் பையனும் 17 வயதுப் பெண்ணும் காதலித்து ஊரை விட்டுப் போய்ச் சேர்ந்து வாழ்ந்தால், குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ சட்டத்தில் குறைந்தபட்சமே பத்தாண்டு, ஆகவே அவன் வலைக்குள். எங்கள் குழுமத்தில் மதிப்பீட்டுக்கு நான் போய் நின்ற வழக்குகளில் இப்படிப்பட்டவை கொலை வழக்குகளைவிட அதிகம். சாதி மாறிக் காதலித்த பையன் மீது பெண் வீட்டார் கொடுத்த புகார். 16 வயதைத் தாண்டியவர்கள் விரும்பிச் சேர்வதை போக்சோவிலிருந்து விலக்குவது பற்றி யோசிக்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றமே 2019இல் சொல்லியிருக்கிறது. டெல்லியை நினைத்து விரித்த வலை இது. எங்கள் ஊரில் அதில் விழுவது பெரும்பாலும் காதலித்தவன்.

சரி, பெரியவர்களோடு சேர்த்துத் தண்டித்தால் குற்றம் குறையுமா? இதைச் செய்து பார்த்த நாடு அமெரிக்கா. 1990களில் அங்கே ஈவிரக்கமற்ற ஒரு சிறார் தலைமுறையே வளர்ந்து வருகிறது என்று பேராசிரியர்கள் எச்சரித்தார்கள், பத்திரிகைகள் அலறின. மாநிலத்துக்கு மாநிலம் சட்டத்தைத் திருத்திப் பதின்வயதினரைப் பெரியவர் நீதிமன்றத்துக்கு அனுப்பினார்கள். எச்சரித்த அலை வரவில்லை, சிறார் வன்முறை இறங்கத்தான் செய்தது. பிறகு அதுவரை நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2007இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. பெரியவர் நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டவர்கள், அதே மாதிரிக் குற்றத்துக்குச் சிறார் அமைப்பிலேயே இருந்தவர்களைவிட மறுபடி பிடிபடுவது சுமார் 34 சதவீதம் அதிகம். இதில் எனக்கு வியப்பில்லை. இருபத்தொரு வயதில் மத்திய சிறைக்குப் போகிறவனுக்கு அங்கே வாத்தியார்கள் யார் என்று எல்லோருக்கும் தெரியும்.

பிலடெல்பியாவிலும் பீனிக்ஸிலும் கடுமையான குற்றங்களில் சிக்கிய 1,354 சிறார்களை ஏழு ஆண்டு விடாமல் தொடர்ந்து பார்த்த ஆய்வு ஒன்றும் உண்டு. தொடர்ந்து குற்றத்திலேயே நின்றவர்கள் பத்தில் ஒருவர்கூட இல்லை. மற்றவர்கள் வயது ஏற ஏற விலகிவிட்டார்கள். இங்கே நேர்மையாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்த மிச்சப் பேர் உண்மையாகவே இருக்கிறார்கள். 1993இல் இங்கிலாந்தின் லிவர்பூல் அருகே பத்து வயதுப் பையன்கள் இருவர் இரண்டு வயதுக் குழந்தையைக் கடத்திக் கொன்றார்கள். அவர்களைப் பெரியவர்களின் நீதிமன்றத்தில் நிறுத்தினார்கள். கூண்டுக்கு வெளியே நடப்பது தெரிய வேண்டும் என்று கூண்டின் தரையை உயர்த்தினார்கள். அந்த விசாரணை நியாயமாக நடக்கவில்லை என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 1999இல் சொன்னது. 2001இல் புதுப் பெயர்களோடு இருவரும் விடுதலையானார்கள். ஒருவன் மறுபடி சிறைக்குப் போனான், அதுவும் ஒரு தடவையோடு நிற்கவில்லை. இன்னொருவன் மீண்டும் குற்றத்தில் சிக்கியதாக எந்தச் செய்தியும் வரவில்லை. ஒரே வயது, ஒரே குற்றம், ஒரே தீர்ப்பு. பத்து வயதில் யார் எப்படி ஆவார் என்று எந்த நீதிபதியாலும் சொல்லியிருக்க முடியாது. பதினேழிலும் முடியாது. அதனால்தான், போகப் போகப் பார்த்து முடிவு செய்யும் ஏற்பாடு வேண்டும் என்கிறேன்.

“கூலிப்படைக்காரன் மைனர் பையன்களை வைத்துத்தானே செய்கிறான், தண்டனை குறைவு என்பதால்தானே?” என்று கேட்பீர்கள். உண்மை. “உனக்கு ஒண்ணும் ஆகாதுடா, நான் பாத்துக்கிறேன்” என்று சொல்லி அரிவாளைக் கையில் கொடுத்த ஆட்களை நானே வழக்குக் கட்டில் பார்த்திருக்கிறேன். அதற்குச் சட்டம் இருக்கிறது. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சம்ஹிதாவின் 95ஆம் பிரிவுப்படி, குழந்தையைக் குற்றத்தில் ஈடுபடுத்துகிறவனுக்கு மூன்று முதல் பத்தாண்டு சிறை. அந்தக் குற்றம் நடந்துவிட்டால் அவனே செய்ததுபோல் அதற்குரிய தண்டனையும் சேரும். இந்தப் பிரிவை எஃப்.ஐ.ஆரில் போடச் சொல்லி எத்தனை தடவை மனு கொடுத்திருக்கிறேன் தெரியுமா? பையன் கிடைத்ததும் வழக்கு முடிந்ததாக நினைத்துவிடுகிறார்கள். அரிவாள் கொடுத்தவன் அடுத்த பையனைத் தேடிக்கொண்டிருப்பான்.

நாங்குநேரியையும் இங்கே சொல்ல வேண்டும். 2023 ஆகஸ்டு 9 இரவு, ப்ளஸ் டூ படிக்கும் தலித் மாணவனையும் தடுக்க வந்த தங்கையையும் வீடு புகுந்து வெட்டினார்கள். வெட்டியது 18 வயது ஆகாத பையன்கள். தன்னை அவர்கள் துன்புறுத்துவதைப் பள்ளியில் சொன்னான் என்பதற்காக. அந்தத் திமிருக்குத் தண்டனை வேண்டாம் என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் கையில் சாதிக் கயிறு கட்டிவிட்டவர், ‘நம்ம பயலுகள எதுத்துப் பேசிட்டானா’ என்று வீட்டில் உட்கார்ந்து பேசியவர் எல்லாம் வயது வந்தவர்கள். அவர்கள் மீது வழக்கு போட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை.

வயது என்ற எண்ணை நம்பித்தான் இவ்வளவும் நிற்கிறது. அந்த எண் நம் ஊரில் எப்படி வந்தது? என் தலைமுறையில் பள்ளியில் சேர்க்கும்போது தலைக்கு மேல் கையைப் போட்டுக் காதைத் தொடச் சொல்வார்கள். தொட்டால் ஐந்து வயது. ஜூன் மாதத்தில் ஒரு தேதியை வாத்தியாரே எழுதிக்கொள்வார். இப்போது பிறப்புச் சான்றிதழ் வந்துவிட்டது, ஆனாலும் வேலைக்காக வடக்கிலிருந்து வரும் பையன்களிடம் ஒரு காகிதமும் இருக்காது. பிறகு எலும்பு முதிர்ச்சிச் சோதனை, அதில் இரண்டு வயது முன்பின். இதன் விலை என்ன என்று தெரிய வேண்டுமா? 1994இல் புனேயில் ஐந்து பெண்களும் இரண்டு குழந்தைகளும் கொல்லப்பட்ட வழக்கில் ஒருவருக்குத் தூக்குத் தண்டனை விதித்தார்கள். 2000இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. பிறகு ராஜஸ்தானில் ஒரு பள்ளிப் பதிவேடு கிடைத்தது. அவர் 28 ஆண்டுக்கு மேல் சிறையில் கழித்துவிட்ட நிலையில், 2023 மார்ச்சில் அதே உச்ச நீதிமன்றம் சொன்னது: குற்றம் நடந்தபோது அவருக்கு வயது பன்னிரண்டரை. பன்னிரண்டு வயதுப் பையனைத் தூக்கில் போட இருந்தோம்.

இனி எனக்கு எதிராக நானே பேச வேண்டிய இடம். சிறார் அமைப்பு திருத்துகிறது என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். 2022 டிசம்பர் கடைசியில் செங்கல்பட்டில், விசாரணைக் காலத்தில் சிறாரை வைத்திருக்கும் அரசு கூர்நோக்கு இல்லத்தில் 17 வயதுப் பையன் ஒருவன் இறந்தான். பேட்டரி திருடியதாக வழக்கு. அடித்தே கொன்றார்கள் என்று இல்லத்தின் ஊழியர்கள் ஆறு பேர் கைதானார்கள். நூறாண்டுக்கு முன், 1920இல், குழந்தைகளுக்கென்று இந்தியாவிலேயே முதலில் தனிச் சட்டம் கொண்டுவந்தது சென்னை மாகாணம். அந்த மண்ணில் நடந்தது இது. ஓய்வு பெற்ற நீதிபதி கே. சந்துருவை இல்லங்களைப் பற்றி ஆராய அரசு நியமித்தது. அவரும் 2023 இறுதியில் அறிக்கை கொடுத்தார்.

இல்லத்துக்கு நான் போகும்போதெல்லாம் பார்ப்பது இதுதான். காலையில் எழுப்பி வரிசையில் உட்காரவைக்கிறார்கள். சாப்பாடு, டிவி, மறுபடி வரிசை. தையல் மிஷின் மூலையில் உறை போட்டு இருக்கும். ஆலோசகர் பதவி காலியாக இருக்கும், அல்லது ஒருவரே மூன்று மாவட்டம் பார்ப்பார். கொலை செய்த பையன் ஒருவன் இரண்டு வருடம் அங்கே இருந்தான். தான் கொன்றவரைப் பற்றி அந்த இரண்டு வருடத்தில் யாரும் தன்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை என்று என்னிடம் சொன்னான். பேசாமல் எங்கிருந்து வருத்தம் வரும்? மூன்று வருடம் குறைவு என்கிறீர்கள். அந்த மூன்று வருடமும் வெறுமையாகப் போகிறது என்பது என் புகார்.

2022இல் நாடு முழுக்கச் சிறார் மீது பதிவான வழக்குகள் 30,555. அந்த ஆண்டு மொத்தக் குற்ற வழக்குகள் 58 லட்சத்துக்கும் மேல். அரை சதவீதம். இவ்வளவு பெரிய நாட்டுக்கு, அதில் கொலையும் வன்புணர்வும் செய்த சில ஆயிரம் பையன்களை ஒழுங்காக வைத்து வேலை பார்க்க முடியாது என்றால் அதை நான் ஏற்க மாட்டேன்.

ஜெர்மனியில் 14 முதல் 17 வயது வரை எல்லோருக்கும் சிறார் நீதிமன்றம்தான், கொலை என்றாலும் மாற்றுவதில்லை. ஆனால் மூன்று வருடத்தோடு நிறுத்துவதுமில்லை. மிகக் கடுமையான குற்றத்துக்குப் பத்தாண்டு வரை, சிறாருக்கென்றே உள்ள சிறையில். 18 முதல் 20 வரை உள்ளவர்களையும் பக்குவத்தைப் பார்த்துச் சிறார் சட்டத்தில் விசாரிக்கலாம். நான் கேட்பதும் ஏறக்குறைய இதுதான். 15ஆம் பிரிவு மதிப்பீட்டை எடுத்துவிடுங்கள். முதலில் குற்றம் நிரூபணமாகட்டும். கொலை, வன்புணர்வு, ஆசிட் வீச்சு என்று பெயர் சொல்லி எழுதிய குற்றங்களுக்கு மட்டும் ஏழு, எட்டு ஆண்டு வரை தண்டிக்கச் சிறார் நீதிமன்றத்துக்கே அதிகாரம் கொடுங்கள். இருபத்தைந்து வயது வரைகூட அவன் தனி இல்லத்தில் இருக்கட்டும், மத்திய சிறை வேண்டாம். ஆண்டுக்கு ஒரு முறை நீதிபதி முன்னால் நிற்கட்டும். நன்னடத்தை அலுவலர் அவன் வீட்டுக்கும் போகட்டும், இறந்தவர் வீட்டுக்கும் போகட்டும். நீண்ட காலம் அடைத்துவைப்பதால் மட்டும் ஒருவன் திருந்திவிடுவதில்லை என்று நான் மேலே சொன்ன 1,354 பேர் ஆய்வே காட்டியது, அதை மறைக்கவில்லை. ஆனால் ஓர் உயிர் போனதற்கு ஊர் முன்னால் ஓர் எடை இருக்க வேண்டும். மூன்று வருடம் சில உயிர்களுக்கு மிகவும் இலேசான எடை.

இந்தப் பேச்சில் எப்போதும் விட்டுப்போகிறவர்கள் அந்த அம்மாவைப் போன்றவர்கள். குழுமத்தின் விசாரணை மூடிய அறையில் நடக்கிறது. பையனின் அடையாளத்தைக் காக்க அது தேவைதான். ஆனால் மகனைப் பறிகொடுத்தவருக்கு அடுத்த வாய்தா எப்போது என்றுகூட யாரும் சொல்வதில்லை. நான் ஆஜரான அந்த வழக்கில் அவர் மூன்று மணி நேரம் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்து, உள்ளே வழக்கு ஒத்திவைக்கப்பட்டது தெரியாமல் மாலை வரை காத்திருந்தார்.

தீர்ப்பு வந்து ஒன்றரை வருடம் கழித்து, பஸ் ஸ்டாண்டில் என்னைப் பார்த்ததும் ஓடிவந்தார். எவ்வளவு தண்டனை, எப்போது வெளியே வருவான் என்று கேட்கப்போகிறார் என நினைத்தேன். “சார், அவன் அங்க எம்மவனப் பத்தி எதாச்சும் சொல்றானா?” என்றார்.

விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். இல்லத்துக்கு எழுதினேன், குழுமத்தில் மனுவும் போட்டேன். பையனைப் பற்றிய எந்தத் தகவலையும் வெளியாருக்குத் தர இயலாது என்று இரண்டு வரியில் பதில் வந்தது. அந்தக் காகிதத்தை நான் இன்னும் அவரிடம் கொடுக்கவில்லை.